தேவாலா, பந்தலூர் தங்கச் சுரங்கக் காடுகள்: டோப்போஷீட் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கூடலூரிலிருந்து கேரள எல்லை வரை கிடக்கும் மலைக்காட்டில் 19ஆம் நூற்றாண்டில் தங்கம் தோண்டினார்கள். இன்று அங்கே தேயிலையும் காடும் யானையும்தான். அந்தப் பகுதியின் டோப்போஷீட்டை, அதாவது மலை, ஓடை, பாதை எல்லாம் காட்டும் இந்திய நில அளவைத் துறையின் மேப்பைத் தேடுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

எனக்கு எந்த ஷீட் வேண்டும்?

தேவாலா, பந்தலூர், நாடுகாணி என்றால் 58ஏ/7. தங்கச் சுரங்க வரலாறு முக்கால்வாசி இந்த ஒரே ஷீட்டுக்குள் அடங்கிவிடும். சேரம்பாடி அதற்கு நேர் வடக்கே இருக்கும் 58ஏ/6இல் வரும். மசினகுடி 58ஏ/10, ஊட்டியும் தொட்டபெட்டாவும் 58ஏ/11.

கூடலூர்தான் தொல்லை. ஊர் ஏறக்குறைய வடக்கே பதினொன்றரை டிகிரி, கிழக்கே எழுபத்தாறரை டிகிரியில் உட்கார்ந்திருக்கிறது. ஷீட்டுகளை வெட்டும் கோடுகளும் அங்கேதான் சந்திக்கின்றன. அதனால் ஊரும் சுற்றுப்புறமும் 6, 7, 10, 11 என்று நான்கு ஷீட்டுகளின் மூலையில் சிதறிக் கிடக்கும். ‘கூடலூர் ஷீட்’ என்று ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டு, பாதி ஊரைக் காணோமே என்று தேடுபவர்கள் நிறைய. நான்கையும் எடுத்துவிடுங்கள். அச்சிட்டால் ஓரத்தை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

இந்த எண்ணுக்கு என்ன கணக்கு?

இந்தியாவையும் அக்கம்பக்கத்தையும் 4 டிகிரிக்கு 4 டிகிரி கட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். அதில் 58ஆம் கட்டம் வடக்கே 8 முதல் 12 டிகிரி, கிழக்கே 76 முதல் 80 டிகிரி வரை. அதைப் பதினாறாக வெட்டினால் ஏ, பி, சி என்று ஒரு டிகிரிக் கட்டங்கள். ஒவ்வொன்றையும் மறுபடி பதினாறாக வெட்டினால் 1 முதல் 16 வரை. கடைசியில் கிடைப்பது 15 நிமிடத்துக்கு 15 நிமிடம். நம்ம பக்கத்தில் பக்கத்துக்குச் சுமார் 27 கி.மீ. எண்கள் வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக இறங்கும். பலர் இடமிருந்து வலமாக எண்ணித் தப்பான ஷீட்டில் போய் நிற்பார்கள்.

58ஏ/7 என்று தேடினால் சி43இ7 என்று ஒன்று வருகிறதே?

அதேதான். 2005இல் வந்த தேசிய மேப் கொள்கைக்குப் பிறகு இந்திய நில அளவைத் துறை இரண்டு வரிசைகளாக மேப் வெளியிடுகிறது. ஒன்று பாதுகாப்புப் படைகளுக்கு, மற்றது பொதுமக்களுக்கு. பொதுமக்கள் வரிசைக்கு உலகளாவிய எண்முறையை ஒட்டிப் புதுப் பெயர் வைத்தார்கள். 58ஏ என்ற ஒரு டிகிரிக் கட்டம் அதில் சி43இ ஆயிற்று. கடைசி எண் மட்டும் மாறவில்லை. பழைய 7, புதியதிலும் 7. ஆகவே ‘58ஏ’ வரும் இடத்திலெல்லாம் ‘சி43இ’ போட்டுக்கொண்டால் போதும்.

எங்கே கிடைக்கும்?

நில அளவைத் துறையின் ஆன்லைன் மேப்ஸ் தளத்தில் பதிவு செய்துகொண்டால் பொதுமக்கள் வரிசை ஷீட்டை பிடிஎஃப்-ஆக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அளவு 1:50,000, அதாவது மேப்பில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர். போனில் பார்ப்பதென்றால் இட ஆயம் (அட்சரேகை, தீர்க்கரேகை) பொருந்திய பிடிஎஃப்-ஐத் திறக்கும் செயலி வேண்டும். கணினியில் கியூஜிஐஎஸ் என்ற இலவச மேப் மென்பொருள் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

அங்கே உண்மையிலேயே தங்கச் சுரங்கம் இருந்ததா, கதையா?

இருந்தது. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே உள்ளூர் மக்கள் ஓடைமணலை மரத்தட்டில் அலசித் தங்கம் எடுத்தார்கள். குவார்ட்ஸ் என்ற வெள்ளைப் பாறையைத் தொடர்ந்து குழியும் தோண்டினார்கள். 1870களில் அங்கே காப்பித் தோட்டங்கள் நோயாலும் பூச்சியாலும் நொடித்துக்கொண்டிருந்தன. தோட்டக்காரர்களின் கண் தரைக்குக் கீழே போனது இயல்புதான். 1874இல் ஆல்ஃபா என்ற கம்பெனி தொடங்கியது. புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1875இல் ஓர் அறிக்கை எழுதினார். அப்புறம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் சுரங்க அனுபவம் பெற்ற ராபர்ட் ப்ரோ ஸ்மித் வந்து பார்த்துக் கொடுத்த அறிக்கைதான் லண்டன் பங்குச் சந்தையைக் கிளப்பிவிட்டது.

1879 முதல் 1882 வரை ஒரே வெறி. டஜன் கணக்கில் கம்பெனிகள், பல லட்சம் பவுண்டு மூலதனம். அந்தப் பணத்தில் பெரும்பங்கு தோண்டுவதற்குப் போகவே இல்லை. நொடித்த காப்பித் தோட்டங்களைத் தங்க நிலம் என்று எக்கச்சக்க விலைக்கு வாங்குவதில் போனது. தோட்டக்காரர்கள் தப்பித்தார்கள், லண்டனில் பங்கு வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இரும்பு இயந்திரங்களை மலையேறும் காட் ரோட்டில் ஏற்றி வந்து பாறையை நொறுக்கிப் பார்த்தபோது டன்னுக்கு ஒரு சில கிராம்தான் தேறியது. சில வருடங்களில் கடை சாத்தியாயிற்று. அதே காலத்தில் தொடங்கிய கோலார் 2001 வரை ஓடியது. அங்கே பாறையில் சத்து இருந்தது, இங்கே அறிக்கையில்தான் இருந்தது.

இன்னொன்று: தென்கிழக்கு வயநாடு என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி 1877இல்தான் மலபார் மாவட்டத்திலிருந்து நீலகிரிக்கு மாற்றப்பட்டது. பழைய ஆவணங்களைத் தேடும்போது ‘நீலகிரி’ என்று மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. ‘வயநாடு’, ‘மலபார்’ என்றும் தேடுங்கள்.

சுரங்க வாய்கள் டோப்போஷீட்டில் குறிக்கப்பட்டிருக்குமா?

பெரும்பாலும் இராது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 1:50,000 மேப்பில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். மலைச்சரிவில் குடைந்த சுரங்க வாய் இரண்டு மீட்டர் அகலம் இருந்தால், மேப்பில் அது 0.04 மில்லிமீட்டர். அச்சில் வரவே வராது. அடையாளக் குறி போட்டால்தான் தெரியும். ஷீட்டின் கீழே உள்ள குறி விளக்கத்தில் சுரங்கத்துக்கென்று ஒரு குறி இருக்கிறது. ஆனால் அளவையாளர் வேலை நடக்கும் சுரங்கத்தைப் பார்த்துப் போடுவாரே தவிர, நூறு வருடத்துக்கு முன் கைவிட்டு உண்ணிச்செடி மூடிய பொந்தைத் தேடிப் போடமாட்டார்.

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளும் உதவாது. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் இடைவெளி. பத்து மீட்டர் ஆழமுள்ள குழி இரண்டு கோடுகளுக்கு நடுவே முழுசாக ஒளிந்துகொள்ளும். மேப்பில் சரிவு வழவழவென்று இருக்கிறது என்பதற்காகத் தரையும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி நடக்காதீர்கள். இந்த ஒரு எச்சரிக்கைக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

அப்படியென்றால் டோப்போஷீட்டால் என்ன பயன்?

துளையைக் காட்டாது, துளையைச் சுற்றி நடந்த வேலையைக் காட்டும். சுரங்கம் என்றால் வெறும் குழி இல்லை. பாறையை வெளியே கொண்டுவர வழி வேண்டும், நொறுக்க ஆலை வேண்டும், ஆலைக்குத் தண்ணீர் வேண்டும். இவை மூன்றும் மலையில் தடம் விட்டுப்போகும்.

முதலில் பாதை. மாட்டுவண்டி ஏற வேண்டிய பாதைக்கு ஏற்றம் மெதுவாக இருக்க வேண்டும். இருபதுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், 20 மீட்டர் உயர 400 மீட்டர் ஓட வேண்டும். மேப்பில் அது 8 மில்லிமீட்டர். ஆகவே ஒரு மெல்லிய பாதை சம உயரக் கோடுகளை ஏறக்குறைய 8 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, ஒரே சீராகக் கடந்து, மடிப்பு மடிப்பாகச் சுற்றி ஏறி, கடைசியில் ஊரும் தோட்டமும் இல்லாத காட்டுக்குள் சட்டென்று முடிகிறதா? சந்தேகப்படுங்கள். ஆள் நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை இப்படி இருக்காது. அது கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேரே ஏறும். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் உடனே தெரியும். காப்பித் தோட்டக்காரர்களும் இதே மாதிரி வண்டிப் பாதை போட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பாதை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

இரண்டாவது தண்ணீர். குவார்ட்ஸை நொறுக்கியது கனத்த இரும்பு உலக்கைகளைத் தூக்கித் தூக்கிப் போடும் ஆலை. நொறுக்கிய மாவை அலசவும் தண்ணீர்தான். அதனால் ஆலை எப்போதும் சுரங்கத்துக்குக் கீழே, ஓடைக்கரையில் இருக்கும். வண்டிப் பாதை ஓடையைத் தொடும் இடம், அதற்கு மேலே சரிவு கூடும் இடம், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சம உயரக் கோட்டை ஒட்டியே, ஏறாமல் இறங்காமல் ஓடும் கோடு ஏதாவது தெரிந்தால் அது பழைய வாய்க்காலாகவும் இருக்கலாம்.

மூன்றாவது பெயர்கள். கம்பெனி போனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. பந்தலூர்ப் பக்கத்துக் கிளென்ராக் என்பது அந்தக் காலத்துத் தங்கக் கம்பெனி ஒன்றின் பெயரிலும் இருந்தது. இந்த மாதிரி இங்கிலீஷ் பெயர்களைப் பட்டியல் போட்டு 1880களின் கம்பெனிப் பெயர்களோடு ஒத்துப்பாருங்கள். எல்லாப் பெயரும் தங்கத்தைச் சொல்லாது. ஓவேலி, காப்பித் தோட்டம் போட்ட ஜேம்ஸ் ஆக்டர்லோனியின் பெயரிலிருந்து வந்தது. அவருடைய சகோதரர்தான் 1840களில் நீலகிரியை அளந்தவர்.

இவற்றோடு பாறையின் போக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். தங்கம் இருந்தது குவார்ட்ஸ் ஓட்டங்களில், அதாவது மற்ற பாறைக்குள் நரம்பு போல நீளும் குவார்ட்ஸில். ஓட்டம் ஒரே திசையில் நீளும் என்பதால், தெரிந்த இரண்டு குழிகளை மேப்பில் குறித்துக் கோடு போட்டு நீட்டினால் மூன்றாவதை எங்கே எதிர்பார்க்கலாம் என்று ஓரளவு ஊகிக்கலாம். கிங்கும் ஸ்மித்தும் எழுதிய அறிக்கைகள் இணைய ஆவணக் காப்பகங்களில் கிடைக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு ஷீட்டைப் பார்த்தால் அது வேறு மாதிரிப் பேசும்.

பழைய ஷீட்டுகள் தேவையா?

கட்டாயம் தேவை. மீட்டர் கணக்குக்கு மாறுவதற்கு முன், ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வந்தவை உண்டு. எண் அதே 58ஏ/7தான். இன்று தேயிலைக்குள் மறைந்த பாதைகள் அவற்றில் உயிரோடு இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உயரம் அடியில் இருக்கும். 3200 என்று போட்டிருந்தால் அது 975 மீட்டர்.

எளிதில் கிடைப்பது அமெரிக்க ராணுவ மேப் பிரிவு 1950களில் வெளியிட்ட 1:2,50,000 வரிசை. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் அதை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அளவு சிறியது என்பதால் ஓடையும் பாதையும் அதிகம் தெரியாது. மொத்த மலையின் அமைப்பைப் பார்க்க நல்லது, அவ்வளவுதான்.

பழைய ஷீட்டில் எடுத்த புள்ளி ஜிபிஎஸ்-இல் தள்ளிப் போய்க் காட்டுகிறதே?

அளந்தவரின் தப்பு இல்லை. பழைய ஷீட்டுகள் ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த பூமி வடிவத்தை அடிப்படையாக வைத்தவை. ஜிபிஎஸ்-உம் புதிய பொதுமக்கள் வரிசையும் டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறு கணக்கில் ஓடுகின்றன. நீலகிரிப் பக்கத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 200 மீட்டர். மேப்பில் 4 மில்லிமீட்டர். சமவெளியில் 200 மீட்டர் பெரிய விஷயம் இல்லை. இங்கே அது ஒரு ஓடைக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்ற வித்தியாசம். பழைய ஷீட்டை ஸ்கேன் செய்து பொருத்தும்போது மென்பொருளில் எவரெஸ்ட் டேட்டத்தை (அந்தப் பழைய கணக்கை) தேர்ந்தெடுங்கள். அப்புறம் மாறாத இரண்டு மூன்று இடங்களை வைத்துச் சரிபாருங்கள். ஓடைகள் கூடும் முனை, மலை உச்சி இரண்டும் நம்பகமானவை. ரோடு முச்சந்தியை நம்பாதீர்கள், ரோட்டை நகர்த்தியிருப்பார்கள்.

பச்சை நிறம் இருந்தால் காடு என்று எடுத்துக்கொள்ளலாமா?

இந்தப் பகுதியில் கூடாது. முதலில் ஷீட்டின் ஓரத்தில் அளவை செய்த வருடத்தைப் பாருங்கள். அச்சிட்ட வருடத்தை அல்ல. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தர, அரசு 1968 முதல் இங்கே காட்டு நிலத்தில் தேயிலை போட்டது. அதுதான் பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளிப் பக்கம் அப்படி உருவான தோட்டங்கள் நிறைய. அளவை அதற்கு முன்னால் நடந்திருந்தால் ஷீட்டில் காடு, தரையில் தேயிலை. அண்மையில் தொழிலாளர் குறைந்து தேயிலையைக் கைவிட்ட இடங்களில் நிலைமை தலைகீழ்.

‘காப்புக்காடு’ என்று எழுதியிருப்பது நிர்வாக எல்லை. அதற்குள் மரம் இருக்கிறதா இல்லையா என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுபவர்களை இங்கே நிறையப் பார்க்கலாம்.

ஓடைகளை எப்படிப் படிப்பது?

நீல நிறம் என்றால் தண்ணீர் நிற்கும், கறுப்பு என்றால் மழைக்கு மட்டும் ஓடும். ஆனால் தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை கறுப்பு ஓடைகளும் இடுப்பளவு ஓடும்.

அதைவிட முக்கியம் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பது. தேவாலா, நாடுகாணித் தண்ணீர் பாண்டியாறு, புன்னப்புழா வழியாக மேற்கே இறங்கிச் சாலியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. சில கி.மீ. தள்ளி முதுமலையில் விழும் மழை மாயாற்றில் சேர்ந்து பவானி, காவிரி வழியாக வங்கக்கடலுக்குப் போகிறது. ஷீட்டில் ஓடைகளின் தலைகளைத் தொட்டுக்கொண்டே பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், அந்தப் பிரிவு தானாக வரும். சாலியாற்று மணலில் நிலம்பூர்ப் பக்கம் தங்கம் அலசியதற்கும் இந்த மேற்குச் சரிவுதான் காரணம்.

மண்சரிவு ஆபத்தைப் பார்க்கிறவர்களும் இதையே செய்ய வேண்டும். 2024 ஜூலை 30இல் சரிந்த முண்டக்கை, சூரல்மலை இருப்பது இதற்கு அடுத்த மேற்கு ஷீட்டான 58ஏ/3இல். அதன் தண்ணீரும் சாலியாற்றுக்குத்தான் போகிறது. சம உயரக் கோடுகள் நெருங்கி நிற்கும் சரிவுக்குக் கீழே ஓடை திடீரென்று அகன்று சமமாகும் இடத்தில் வீடு இருந்தால், அந்த வீட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கூகுள் மேப் இருக்கும்போது இது எதற்கு?

காட்டுக்கு மேலிருந்து எடுத்த படத்தில் மரத்தின் தலைதான் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் பல உயரத் தரவுகளுக்கு மூலம் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்தது. அடர்ந்த காட்டில் அதுவும் தரையைச் சரியாகத் தொடாமல் இலைக்கூரையில் சிக்கிக்கொள்ளும். காட்டை வெட்டித் தேயிலை போட்ட விளிம்பில் இல்லாத மேடு ஒன்று முளைப்பது இதனால்தான். டோப்போஷீட்டில் ஆள் நடந்துபோய்ச் சரிபார்த்த விவரம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதே என் வழக்கம்.

காம்பஸ் வடக்கும் மேப் வடக்கும் ஒன்றா?

இங்கே வித்தியாசம் இரண்டு டிகிரிக்கு உள்ளேதான். விட்டுவிடுங்கள்.

மேப்பை வைத்துக்கொண்டு நேரில் போய்த் தேடலாமா?

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் உட்பகுதிக்குப் பேச்சே இல்லை. 2018 குரங்கணித் தீவிபத்துக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. இப்போது வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகிற பாதைகள் உண்டு. கூடலூர்ப் பக்கத்து ஊசிமலை அதில் ஒன்று. மலையமைப்பைப் பார்க்க அது போதும்.

சுரங்கத்துக்குள் மட்டும் போகவே போகாதீர்கள். பழைய குடைவில் காற்று கெட்டிருக்கும். ஆக்சிஜன் குறைந்த காற்றுக்கு வாசனை கிடையாது, இரண்டு நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். செங்குத்துக் குழிகளின் வாயை இலைச்சருகும் உண்ணிச்செடியும் மூடியிருக்கும். வெள்ளைக் குவார்ட்ஸ் துண்டுகள் குவியலாகக் கிடந்தால், பக்கத்திலேயே வாய் இருக்கிறது என்று பொருள். அங்கேயே நின்றுவிடுங்கள்.

இன்னும் தங்கம் இருக்கிறதா?

இருக்கிறது, கூலிக்குக் கட்டாத அளவில். வேலையில்லாத காலத்தில் பழைய குழிகளில் திருட்டுத்தனமாக இறங்கி மண் எடுப்பவர்கள் இன்றும் உண்டு. மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் இறந்தவர்களும் உண்டு. எடுத்த மண்ணைப் பாதரசத்தோடு பிசைந்து, அதை அடுப்பில் ஆவியாக்கிப் பொட்டுத் தங்கம் பிரிப்பார்கள். அந்தப் புகை வீட்டுப் பிள்ளைகளின் நரம்பில்தான் போய் இறங்கும். சுரங்கக் குத்தகை இல்லாமல் தோண்டுவது 1957ஆம் வருடச் சட்டப்படி குற்றம். ஷீட்டில் புள்ளி போட்டுத் தரச் சொல்லி எனக்கு எழுத வேண்டாம்.

என் நிலம் காட்டுக்குள் வருகிறதா என்று டோப்போஷீட்டை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியாது. ஷீட்டில் போட்ட காட்டு எல்லைக் கோட்டின் தடிமனே தரையில் பல மீட்டர் வரும். இதை வைத்து எந்த அதிகாரியிடமும் வாதாட முடியாது. வேண்டியது சர்வே நம்பரும், அந்த நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படமும். கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் இன்னொரு சிக்கல் வேறு: 1969ஆம் வருட ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் கீழ் பதினேழாவது பிரிவு நிலங்கள், அதாவது ஜென்மிகளிடம் (பரம்பரை நில உடைமையாளர்களிடம்) தோட்டத்துக்குக் குத்தகை எடுத்தவை. அங்கே பட்டா கேள்வி இன்னும் முடியவில்லை. உங்கள் சர்வே நம்பர் அந்தப் பிரிவில் வருகிறதா என்று தாலுகா அலுவலகத்தில் முதலில் கேளுங்கள், மேப் அப்புறம்.